தலைமாட்டில் நடந்தவன்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு பாட்டிலுக்குள் கரப்பான் கால். கால் மட்டும். மீதி எந்தப் பாட்டிலோடு போனதோ, யார் வயிற்றுக்குள் இறங்கப் போகிறதோ. விளக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக ஓடுகிற ஜூஸ் பாட்டில்களில் அழுக்குப் பார்க்கிற வேலை எனக்கு. வருஷக் கணக்காகப் பார்த்ததில் இதற்கெல்லாம் குமட்டல் வருவதில்லை. வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தால்தான் வருகிறது.

தம்பி போன மாதம் வாங்கிய ரிசீவர் பெட்டி, டிவி சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்புகிறது, டிவிக்குக் கீழே புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கூடத்தில் சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர். இன்னும் இரண்டை ஒயர் இழுத்து அப்பாவின் அறையில், கட்டில் தலைமாட்டுக்கு மேலே பரணில் வைத்திருக்கிறான். "காலைல அப்பா படுத்துக்கிட்டே பாட்டுக் கேக்கலாம்ல" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெருமை. காலையில் பாட்டுக் கேட்பது உண்மைதான். ஆனால் சாயங்காலம் இவன் படம் போட்டால், அந்த இரண்டிலும் படம் முழுக்க அலறுகிறது. இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன மனுஷர். வாக்கரைப் பிடிக்காமல் எழ முடியாது. கண்ணிலும் பாதிப் பார்வைதான். எங்கே எழுந்து ஓடுவார்?

"அம்மாடி, சாயங்காலத்துல மட்டும் அதை நிறுத்தச் சொல்லேன்" என்றார். எனக்கு மத்தியான ஷிப்ட். வீடு திரும்பப் பத்து மணி ஆகிவிடும். எல்லாக் கூத்தும் நான் இல்லாத நேரத்தில்தான்.

மார்ச் 5, புதன்

காலையில் சண்டை. தம்பி ரிமோட்டை எடுத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினான்.

"இதுல ரெண்டு செட்டப் இருக்குக்கா. ரெண்டாம் நம்பர்ல போட்டா ஹால் அஞ்சும் அப்பா ரூம் ரெண்டும் சேர்ந்து பாடும். ஒண்ணாம் நம்பர்ல போட்டா அப்பா ரூம் கட். காலைல ரெண்டு, சாயங்காலம் ஒண்ணு. போதுமா?"

ஒண்ணாம் நம்பரைப் போட்டுக் காட்டினான். பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். முகப்பில் குட்டிக் குட்டிக் கட்டங்கள் ஏழு எரிந்தன. கூடத்தில் ஐந்துதானே இருக்கிறது, ஏழு ஏன் எரிகிறது என்று கேட்டேன். "மீதி ரெண்டை மெஷினே கணக்குப் போட்டு உண்டாக்கிடும்" என்றான். வாய் கூசாமல் இப்படி அளக்க எங்கே கற்றுக்கொண்டானோ. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையைத் தாண்டி, நடையைத் தாண்டி அப்பா அறைக்குப் போய்க் காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சரி, தொலைகிறது.

மார்ச் 9, ஞாயிறு

என் விடுமுறை நாள். தம்பியும் அவன் பொண்டாட்டியும் வாரா வாரம் போல அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீடு வாயை மூடிக்கொண்டு இருந்தது. அப்பாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். நடுவில் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டேன், உடனே பிடித்துவிட்டார். "எனக்குக் கண்ணுதான் போச்சு" என்றார்.

மார்ச் 13, வியாழன்

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தம்பி பொண்டாட்டி புகாரோடு வந்துவிட்டாள். "அண்ணி, மாமா நேத்து சாயங்காலம் பூரா கூப்பிட்டுக்கிட்டே இருந்தார். தலைமாட்டுல யாரோ நடக்கறாங்களாம்."

தம்பி ஒவ்வொரு தடவையும் படத்தை நிறுத்திவிட்டு ஓடியிருக்கிறான். இந்த வீட்டில் மிச்சமிருக்கிற ஒரே மரியாதை அது. அப்பா கூப்பிட்டால் ஓடுகிறதை நிறுத்திவிட்டுத்தான் எழுந்து போக வேண்டும். சின்ன வயதில் முதுகில் இரண்டு வைத்து அப்பாவே எங்களுக்குப் பழக்கியது. போய்ப் பார்த்தால் அங்கே ஆளும் இல்லை, சத்தமும் இல்லை.

"மனுஷனை ஒரு படம் முழுசாப் பாக்க விடமாட்டேங்கறார்" என்று அலுத்துக்கொள்கிறான். படம் பார்க்க விடவில்லையாம். தூ.

மார்ச் 18, செவ்வாய்

வேலை முடிந்து வரும்போது வாசலில் தம்பியும் அவன் ஆபீஸ் சிநேகிதனும். அந்த ஆளுக்கு நான் ஆமாம்சாமி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் வேலையே அதுதான்.

"பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர் இல்லவே இல்ல. ஆனா சத்தம் கேட்டுச்சுல்ல?" என்கிறான் தம்பி.

"ஆமாமா, காதுக்குப் பின்னாலயே வந்துச்சு. ஆளே நிக்கற மாதிரி."

இரண்டு தடியன்களும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே போனால் அப்பா போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கிறார். புழுக்கத்தில் உடம்பெல்லாம் வேர்வை.

மார்ச் 23, ஞாயிறு

இன்று தெளிவாக இருந்தார். நானாகவே கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மழை பெய்யுது. கையை நீட்டி ஜன்னலைத் தொட்டுப் பாத்தா நனையல. ஒருத்தன் பூட்ஸ் போட்டுக்கிட்டுத் தலைமாட்டுல நடக்கறான். கதவைத் திறக்கற சத்தம் கேக்குது, ஆனா உள்ள வரமாட்டேங்கறான். யாருடான்னு கேட்டாலும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான்."

"ஸ்பீக்கர் சத்தமா இருக்குமோப்பா?"

"அதை அணைச்சாச்சுன்னு உன் தம்பி சொன்னானே. அதுவுமில்லாம படம்னா பேசுவாங்கல்ல?"

நாற்காலி போட்டுப் பரணில் ஏறிப் பார்த்தேன். இரண்டு ஸ்பீக்கர், ஒரு உடைந்த பெட்டி, எலிப் புழுக்கை. எலியாகத்தான் இருக்கும் என்று பொறி வைத்தேன். தம்பி வந்ததும் கேட்டேன். "அது கட்ல இருக்குன்னு எத்தனை தடவைக்கா சொல்றது" என்றான். எலி பூட்ஸ் போடுமா? எனக்கே என்மேல் எரிச்சலாக வருகிறது.

மார்ச் 27, வியாழன்

தம்பி லீவு போட்டுவிட்டு அப்பாவைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனான். நானும் போனேன். டாக்டர் எல்லாவற்றையும் தம்பியிடம் கேட்டார். தம்பி எல்லாவற்றையும் சொன்னான். நடுவில் அப்பா உட்கார்ந்திருந்தார், பழுது பார்க்கக் கொண்டுவந்த மிக்ஸி மாதிரி. வயசானால் மூளை இப்படி இல்லாததைக் கேட்கும் என்றார் டாக்டர். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை.

வீட்டுக்கு வந்ததும் தம்பி பொண்டாட்டி ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மட்டும் மாமா எப்படி இருக்கார் பாருங்க. உங்களைப் பாத்தா நல்லா நடிக்கறார் அண்ணி."

அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு — இருக்குமோ என்று நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, கடைவாயில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தார். துடைத்துவிட்டேன். "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 5, சனி

அப்பா வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். காலை ஒன்பது மணிக்கு அப்படி ஒரு தூக்கம். தம்பி அறைக்குள் டேப்பை நீட்டிச் சுவரை அளந்துகொண்டிருக்கிறான். கட்டிலைச் சுற்றி, அப்பாவின் காலைத் தாண்டி டேப் போகிறது.

"என்னடா பண்றே?"

"சும்மாக்கா. இந்தச் செவுத்துல ஸ்க்ரீன் போட்டா, அங்க சோபா... இந்த ரூம்தான் தியேட்டருக்குச் சரியான அளவு. ஹால்ல எதிரொலி ஜாஸ்தி."

கையில் துடைப்பம் இருந்தது. கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். கையிலேயே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதியோர் இல்லத்தில் சொல்லிவைத்துவிட்டார்களாம். மே மாதம் ஒன்றாம் தேதி கொண்டுபோய் விட வேண்டுமாம். எனக்கு இன்றைக்குத்தான் சொல்கிறான், அதுவும் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே.

"அங்க நர்ஸெல்லாம் இருக்காங்கக்கா. இங்க நீயும் வேலைக்குப் போயிடறே, நாங்க என்ன பண்றது?"

"இது அவர் கட்டின வீடுடா."

"அது அவருக்கு ஞாபகம் இருக்கணுமே."

சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவனைத் தூக்கிக்கொண்டு நடந்த இடுப்பு எனக்கு. ஃபாக்டரியில் இன்று எத்தனை பாட்டில் பார்க்காமல் விட்டேனோ தெரியாது.

ஏப்ரல் 12, சனி

ஞாபகம் இல்லையாம். இல்லாமல் பண்ணினது யாரு? மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டால் டாக்டருக்கு மேல் உனக்குத் தெரியுமா என்கிறார்கள். தெரியாது. எனக்கு ஒரு எழவும் தெரியாது.

ஏப்ரல் 16, புதன்

தூங்குவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும்.

பெல்ட் அறுந்து லைன் நின்றுவிட்டது. சரிசெய்ய நாளைக் காலை ஆகும் என்று எங்களை ஐந்து மணிக்கே அனுப்பிவிட்டார்கள். தம்பி முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் பின்வாசல் வழியாக நேரே அப்பா அறைக்குப் போனேன். நான் வந்தது கூடத்தில் யாருக்கும் தெரியாது.

அப்பா விழித்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் கூப்பிடவில்லை, நானும் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.

மழை பெய்தது. தலைக்கு மேலே, சன்னமாக. ஜன்னலுக்கு வெளியே வெயில். கொஞ்ச நேரத்தில் டக், டக், டக் என்று பூட்ஸ் நடை. பின்னாலிருந்து வந்து, நின்று, கதவு கிறீச்சிட்டது. யாரும் பேசவில்லை. திரும்பவும் மழை.

அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "கேக்குதா?"

"கேக்குதுப்பா."

"நிஜமா? எனக்காகச் சொல்லாத."

"பூட்ஸ். கதவு. மழை."

அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

நாற்காலியில் ஏறி, பரணிலிருந்த ஸ்பீக்கரில் காதை வைத்தேன். அதுதான். அதற்குள்தான் அந்தப் படுபாவி நடக்கிறான். கூடத்துக்கு ஓடினேன். டிவியில் ஒரு பெண் எதையோ பேசிக்கொண்டே மாடிப்படி ஏறுகிறாள், வெளியே மழை. என்னைப் பார்த்ததும் தம்பி பழக்கதோஷத்தில் படத்தை நிறுத்தினான்.

"நிறுத்தாதடா! ஓட விடு! ஓட விட்டுட்டு என்கூட வா!"

இழுத்துக்கொண்டு போனேன். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றோம். மழை, பூட்ஸ். கூடத்திலிருந்த தம்பி பொண்டாட்டியிடம் செட்டப்பை மாற்றச் சொல்லிக் கத்தினேன். இரண்டு போட்டாள், அந்தப் பெண்ணின் பேச்சு முழுக்க இந்த அறைக்குள் வந்தது. ஒன்று போட்டாள், பேச்சுப் போய் மழை மட்டும் மிஞ்சியது. அன்றைக்கு முகப்பில் எரிந்த ஏழு கட்டம் இதுதான். அந்தப் பெட்டிக்கு ஒண்ணாம் நம்பர் என்றால் ஏழு ஸ்பீக்கர், கூடத்தில் ஐந்து, இங்கே இரண்டு. இந்த இரண்டும் சோபாவுக்குப் பின்னால் இருப்பதாக அது நினைத்துக்கொண்டு, படத்தில் முதுகுக்குப் பின்னால் கேட்க வேண்டியதை எல்லாம் அப்பாவின் தலைமாட்டில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. செய்தியில் முதுகுக்குப் பின்னால் எதுவும் நடப்பதில்லை, அதனால்தான் அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் படத்தை நிறுத்திவிட்டுத்தான் வந்து பார்த்திருக்கிறார்கள். பிறகு எப்படிக் கேட்கும்?

தம்பி வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தையை எழுதிவைக்கிறேன், நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

"அப்ப ஹால்ல எனக்குப் பின்னாடி சத்தமே வரலியா இவ்வளவு நாளா?"

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் சமையலறைக் கத்தரிக்கோலால் அந்த ஒயரை வெட்டி எறிந்தேன். ஸ்பீக்கர் இரண்டையும் கொண்டுபோய் அவன் சோபாவில் வைத்தேன். "கழட்டி எடுத்திருக்கலாம்ல, நல்ல ஒயர்க்கா அது" என்றான். மன்னிப்பு என்கிற வார்த்தை அவன் வாய்க்குள் நுழையாது. 'செட்டிங் பிரச்சினை' என்றுதான் சொல்கிறான். அவன் பொண்டாட்டியாவது அப்பாவுக்குத் தலை சீவிவிட்டாள்.

ஏப்ரல் 21, திங்கள்

நானே டாக்டரிடம் கூட்டிப் போனேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, இனி அவரிடமே கேளுங்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்பா மெதுவாக, திக்கித் திக்கிச் சொன்னார். டாக்டர் பேனாவை உருட்டிக்கொண்டே கேட்டார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார். வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்த நான்தான் பைத்தியம்.

திரும்பி வந்து இல்லத்துக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னேன். தம்பி பக்கத்தில் நின்றான். டேப்பை எங்கே ஒளித்துவைத்திருக்கிறானோ.

ஏப்ரல் 27, ஞாயிறு

"அந்தப் பூட்ஸ்காரனை எனக்குப் பாக்கணும்" என்றார் அப்பா.

தம்பி மாமியார் வீட்டுக்குப் போகவில்லை. அப்பாவைச் சோபாவில் உட்காரவைத்து, டிவிக்குக் கிட்டே இழுத்து, இத்தனை நாளும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த அந்தப் படத்தைப் போட்டான். பூட்ஸ்காரன் வந்தான். ஒட்டடைக் குச்சி போல ஒரு காவல்காரன், யாரோ மறந்துவிட்டுப்போன குடையைத் திருப்பிக் கொடுக்க மாடி மாடியாக அலைகிறான். அவ்வளவுதான் அவன் வேலை.

"இந்தப் பயலுக்கா நான் போத்திக்கிட்டுக் கிடந்தேன்" என்று அப்பா சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். தம்பிதான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தான். பிடிக்கவில்லை, இருந்தாலும் நானும் சிரித்தேன். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மே 9, வெள்ளி

முடியவில்லை.

வேலையிலிருந்து வந்தால் நடை முழுக்கத் தண்ணீர். தம்பி பொண்டாட்டி சாயங்காலம் குளியலறையில் வாளிக்குக் குழாயைத் திறந்துவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் போகிற ஓட்டையில் துணி அடைத்துக்கொண்டது. எனக்குக் கொஞ்சம் முன்னால் தம்பி வந்துதான் மூடியிருக்கிறான். குளியலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பாவின் கட்டில். தரையில் கிடந்த செருப்பு மிதந்து மூலைக்குப் போயிருந்தது. போர்வை நுனி நனைந்து, தண்ணீர் மெத்தைவரை ஏறியிருந்தது. அப்பா கால்களை மடக்கிக்கொண்டு சுவரோரமாகப் படுத்திருந்தார். வழுக்கி இறங்கியிருந்தால் இன்னொரு இடுப்பும் போயிருக்கும்.

"தண்ணி விழற சத்தம் கேக்கலியாப்பா?"

"கேட்டுச்சு. ரொம்ப நேரமா."

"கூப்பிட்டிருக்கலாமே. வீட்ல ஆள் இருந்துச்சே."

போர்வையின் நனைந்த நுனியைப் பிழிந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"தண்ணி விழுதுன்னு சொன்னா, மறுபடியும் மாத்திரை குடுத்துடுவீங்களோன்னு இருந்துட்டேன்."

குடுத்துடுவீங்களோ என்றார். குடுத்துடுவானோ என்று சொல்லவில்லை. அதற்குள் நானும் இருக்கிறேன்.

மே 10, சனி

குமட்டுது. இந்த வீடு, அந்தப் பெட்டி, அவன், அவ, நான், எல்லாம். பயந்தா சொல்லக் கூடாதுன்னு எழுபத்தெட்டு வயசுல ஒரு மனுஷனுக்குக் கத்துக் குடுத்துட்டோம்.

மே 14, புதன்

காலை ஷிப்ட் கேட்டு வாங்கிவிட்டேன். சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். என் கட்டிலை அப்பா அறைக்கு இழுத்துப் போட்டாயிற்று. தம்பி ஒரு கையைப் பிடித்துத் தூக்க வந்தான். வேண்டாம் என்றேன், தனியாகவே இழுத்தேன். தரையெல்லாம் கோடு.

மே 22, வியாழன்

எதைக் கேட்டாலும் "ஒண்ணும் இல்லம்மா" என்கிறார். பேப்பரில் பத்தியைத் தாண்டினேன், வேண்டுமென்றே. பேசாமல் இருந்துவிட்டார்.

மே 30, வெள்ளி

மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது. இந்தச் சத்தம் கேட்கிறதாப்பா என்றேன். என் முகத்தைப் பார்த்தார், எந்தப் பதில் சரி என்று தேடுகிற மாதிரி.

ஜூன் 8, ஞாயிறு

மத்தியானம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார், தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அம்மாடி."

"என்னப்பா?"

"ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "யாரோ கேட்டைத் தட்டற மாதிரி இருந்துச்சு."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. மடித்த சட்டையை வைத்துவிட்டு எழுந்தேன். கூடத்தில் தம்பி படத்தை நிறுத்திவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலியேக்கா" என்றான். உன்னை யாரு கேட்டா என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், கேட்டைத் திறந்து, வெயிலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு ஆள் இல்லை. எதிர் வீட்டு வாசலிலும் போய்ப் பார்த்தேன். அப்புறம் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.

"போய்ப் பாத்தேம்ப்பா. யாரும் இல்ல."

"சரிம்மா" என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினார்.